கிராஃப் எல்லாம் பச்சை, டவுன்லோடு மட்டும் மந்தம்: பண்டிலுக்குள் ஒளிந்திருந்த ஒரு லிங்க்

நாங்கள் நடத்தும் இணையச் சேவைக்குப் புகார் வந்த விதமே குழப்பமாக இருந்தது. பெரிய கோப்பு ஒன்றை இறக்கும்போது சிலருக்கு மட்டும் வேகம் சரிந்துவிடுகிறது. நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் பல நேரம் தானாகச் சரியாகிவிடுகிறது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் வாங்கிய வேகம் முழுசாக வருகிறது. வீடியோ தளங்கள் சிலவற்றில் எந்தக் குறையும் இல்லை, வேறு சில தளங்கள் இழுத்துக்கொண்டு கிடக்கின்றன. இப்படி ஒரு புகார் வந்தால் “உங்கள் வைஃபையைப் பாருங்கள்” என்று சொல்லி முடிப்பது சுலபம். ஆனால் வாடிக்கையாளர்களை நெட்வொர்க்கில் சேர்க்கும் ஒரே அக்சஸ் ரூட்டருக்குக் கீழே இருக்கும், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத வாடிக்கையாளர்கள் ஒரே மாதிரிப் பேசும்போது அவர்கள் எல்லார் வீட்டு வைஃபையும் ஒன்றாகக் கெட்டிருக்காது.

அந்த அக்சஸ் ரூட்டருக்கும் நெட்வொர்க்கின் மையத்தில் உள்ள கோர் ரூட்டருக்கும் நடுவே நான்கு 10 ஜிகாபிட் லிங்க்குகளை ஒரே லிங்க் போலச் சேர்த்துக் கட்டிய பண்டில் ஒன்று இருக்கிறது. உச்ச நேரத்தில் அதில் ஓடுவது 18 ஜிகாபிட் அளவு. 40இல் 18 என்றால் பாதிகூட இல்லை. பண்டில் கிராஃபில் மேடு பள்ளம் எல்லாம் இயல்பாகவே இருந்தது. பிங் எனும் சிறு சோதனைப் பாக்கெட்டுகளை அனுப்பி அளக்கும் ஸ்மோக்பிங்கில் தாமதக் கோடு நேராக, பாக்கெட் இழப்பு பூஜ்யம். ரூட்டர் சிபியு, மெமரி, மற்ற ரூட்டர்களோடு பாதைத் தகவல் பரிமாறும் பிஜிபி செஷன்கள் எதிலும் அசைவில்லை. கண்காணிப்புத் திரை முழுக்கப் பச்சை.

வாடிக்கையாளர் சொல்வதும் உண்மை, திரை காட்டுவதும் உண்மை என்று வைத்துக்கொண்டால், திரையில் உள்ள எண்கள் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்றுதான் பொருள். அங்கிருந்துதான் தேட ஆரம்பித்தேன்.

பிங் எந்தப் பாதையில் போகிறது?

மறுபடி தொடங்கினால் சரியாகிறது என்பதுதான் முக்கியமான துப்பு. டவுன்லோடை நிறுத்திவிட்டுத் தொடங்கினால் மாறுவது ஒன்றே ஒன்று: வாடிக்கையாளரின் கணினி, இணைப்பை அடையாளம் காட்டும் மூல போர்ட் எண்ணைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கிறது. ஐபி முகவரி அதேதான், சர்வர் அதேதான், பாதையும் அதேதான். போர்ட் எண் மாறியதால் வேகம் மாறுகிறது என்றால், நடுவில் யாரோ போர்ட் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

பண்டிலில் ரூட்டர் செய்வது அதைத்தான். ஒரே இணைப்பின் பாக்கெட்டுகள் வரிசை மாறி வந்து சேர்ந்தால், டவுன்லோடைச் சுமக்கும் டிசிபி நெறிமுறை குழம்பும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் சுழற்சி முறையில் பங்கு பிரிக்காமல், மூல முகவரி, சேருமிட முகவரி, நெறிமுறை, இரண்டு போர்ட் எண்கள் ஆகிய ஐந்தையும் ஹாஷ் செய்து (ஒரு கணக்கில் போட்டு ஓர் எண்ணாக்கி), அந்த இணைப்பு முழுவதையும் ஒரே லிங்க்கில் தள்ளிவிடும். இணைப்பு பிழைக்கும் வரை அதே லிங்க்தான். நான்கில் ஒன்று நோயாளி என்றால், அதில் விழுந்த இணைப்புகள் மட்டும் அவதிப்படும். மற்றவை ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது ஸ்மோக்பிங்கைப் பாருங்கள். பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி நெறிமுறையின் பாக்கெட்டில் போர்ட் எண் கிடையாது. ஒரே இடத்திலிருந்து ஒரே முகவரிக்குப் போகும் பிங் எல்லாம் பெரும்பாலான ரூட்டர்களில் ஒரே ஹாஷ், ஒரே லிங்க். எத்தனை மாதம் ஓடினாலும் அது மற்ற மூன்று லிங்க்குகளைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்காது.

சரி, தற்செயலாக அந்தக் கெட்ட லிங்க்கிலேயே விழுந்திருந்தால்? அப்போதும் தெரிந்திருக்காது. ஸ்மோக்பிங்கின் இயல்பான அமைப்பு 300 விநாடிக்கு 20 பிங். ஒரு நாளைக்கு 5,760. ஆயிரத்தில் ஒன்று தொலைகிற லிங்க் என்றால் நாளுக்கு ஐந்தாறு பாக்கெட் போகும், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உண்மையில் அவ்வளவுகூடப் போகாது. பிட் பிழையால் வரும் இழப்பு பாக்கெட்டின் நீளத்தைப் பொறுத்தது. இயல்பான பிங் 56 பைட் தரவு சுமக்கும். ஐசிஎம்பி, ஐபி, ஈதர்நெட் தலைப்புகளும் கடைசிச் சரிபார்ப்பு நான்கு பைட்டும் சேர்ந்தால் 102 பைட். முழு நீள ஃபிரேம் (தலைப்புகளோடு லிங்க்கில் ஓடும் முழுப் பொட்டலம்) 1,518 பைட். டவுன்லோடு பாக்கெட் அடிபடும் வாய்ப்பு பிங்கைவிடச் சுமார் 15 மடங்கு. டவுன்லோடுக்கு ஆயிரத்தில் ஒன்று இழப்பு என்றால் பிங்குக்குப் பதினைந்தாயிரத்தில் ஒன்று. நாள் முழுக்கப் பார்த்தாலும் ஒரு பிங் தொலைவதே சந்தேகம்.

போர்ட்டை மாற்றி மாற்றி

வேகத்தையும் இழப்பையும் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியில் கிளையன்ட் பக்கத்து போர்ட் எண்ணை நாமே குறிப்பிடலாம். இது பலருக்குத் தெரியாத வசதி, இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கோர் பக்கத்தில் ஒரு சர்வர், அக்சஸ் ரூட்டருக்குப் பின்னால் ஒரு லேப்டாப். தரவு கீழ்நோக்கி வர வேண்டும் என்பதால் ரிவர்ஸ் முறை. டிசிபிக்குப் பதிலாக, தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி நெறிமுறையை எடுத்துக்கொண்டேன். டிசிபி இழப்பைக் கண்டதும் வேகத்தைக் குறைத்து விஷயத்தை மறைத்துவிடும். யுடிபியில் எத்தனை அனுப்பினோம், எத்தனை தொலைந்தது என்ற கணக்கு நேராக வந்துவிடும்.

200 மெகாபிட் வேகம், 1,400 பைட் பாக்கெட், 30 விநாடி. ஒரு ஓட்டத்துக்குச் சுமார் 5,35,000 பாக்கெட். ஒரு ஸ்கிரிப்ட் போட்டு கிளையன்ட் போர்ட்டை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போனேன். முதல் சில ஓட்டங்களில் இழப்பு சுத்தமாகப் பூஜ்யம். அடுத்த போர்ட்டில் 500க்கும் மேல் தொலைந்தது. அடுத்தது மறுபடி பூஜ்யம். தொடர்ந்து ஓடவிட்டபோது ஏறக்குறைய நான்கில் ஒரு போர்ட் மோசம், மோசமானவை எல்லாவற்றிலும் இழப்பு ஒரே அளவு: 0.1 சதவீதம். மோசமான ஒரு போர்ட்டை எடுத்து மறுபடி மறுபடி ஓட்டினாலும் அது மோசமாகவே இருந்தது. நெரிசலால் வரும் இழப்பு இப்படிப் போர்ட் எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்காது. நான்கு லிங்க், நான்கில் ஒன்று. வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதைச் செய்யும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. உங்கள் ரூட்டர் ஹாஷில் போர்ட் எண்களைச் சேர்க்காமல் முகவரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அப்போது லேப்டாப்புக்கு நிறைய முகவரிகள் கொடுத்து, முகவரியை மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும்.

பாக்கெட் கடந்து போகும் ரூட்டர்களை வரிசையாகக் காட்டும் பழைய டிரேஸ்ரூட்டை இந்த இடத்தில் நம்ப வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 33434இலிருந்து சேருமிட போர்ட்டைக் கூட்டிக்கொண்டே போகும். அதனால் ஒவ்வொரு பாக்கெட்டும் வெவ்வேறு லிங்க்கில் விழுந்து, முடிவுகள் கலந்துகட்டி வரும். 2006இல் வந்த பாரிஸ் டிரேஸ்ரூட், ஹாஷுக்குள் போகும் பகுதிகளை மாறாமல் வைத்து இதைத் தீர்த்தது. டிரேஸ்ரூட்டையும் பிங்கையும் சேர்த்த எம்டிஆர் கருவியின் திரையில் நடு ஹாப் (வழியில் உள்ள ரூட்டர்) ஒன்றில் 30 சதவீதம் இழப்பு என்று படம் எடுத்து அனுப்புவோரும் உண்டு. அதற்கு அடுத்த ஹாப்களில் இழப்பு இல்லையென்றால் அந்தப் படத்துக்கு மதிப்பில்லை. அந்த ரூட்டர் தன் ஐசிஎம்பி பதில்களை மட்டுப்படுத்துகிறது, அவ்வளவுதான். ஐபிவி6இல் பிழைச் செய்திகளை மட்டுப்படுத்துவது இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 4443இன்படி கட்டாயமே.

0.1 சதவீதம் இவ்வளவு செய்யுமா?

செய்யும். 1997இல் மேத்திஸ், செம்கே, மஹ்தவி, ஓட் ஆகியோர் தந்த சூத்திரம் இன்னும் மனக்கணக்குக்கு உதவுகிறது. இழப்பைப் பார்த்து வேகத்தைத் தீர்மானிக்கும் டிசிபியில், வேகத்தின் உச்சவரம்பு பாக்கெட் அளவுக்கு நேர் விகிதம், போய்வரும் நேரத்துக்கும் இழப்பின் வர்க்கமூலத்துக்கும் எதிர் விகிதம். 1,460 பைட் பாக்கெட், 80 மில்லி விநாடி தூரத்து சர்வர், 0.1 சதவீத இழப்பு என்று போட்டால் வருவது ஏறத்தாழ 5.6 மெகாபிட். 100 மெகாபிட் வாங்கியவருக்கு 5.6! அதே இழப்பில் 5 மில்லி விநாடி தூரத்து சர்வரிலிருந்து 90 மெகாபிட் வந்துவிடும்.

புகாரில் குழப்பமாக இருந்த ஒவ்வொன்றும் இதில் பொருந்தி வந்தது. ஸ்பீடு டெஸ்ட் சர்வர் பக்கத்தில் இருக்கிறது, அதுவும் பல இணைப்புகளைச் சேர்த்துத் திறக்கிறது. அதனால் நன்றாகத் தெரிந்தது. தூரத்து சர்வரிலிருந்து ஒரே இணைப்பில் வரும் பெரிய கோப்பு அடிவாங்கியது. 2016இல் கூகுள் வெளியிட்ட பிபிஆர் போன்ற நெரிசல் கட்டுப்பாட்டு முறை, ஒவ்வொரு இழப்பையும் நெரிசலாக எடுத்துக்கொள்ளாது. அதைப் பயன்படுத்தும் தளங்களின் பயனர்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. ஆறு இணைப்புகள் திறக்கும் இணையப் பக்கம் ஒன்றில் குறைந்தது ஒன்றாவது கெட்ட லிங்க்கில் விழும் வாய்ப்பு 82 சதவீதம். ஆகவே பக்கம் வந்துவிட்டது, ஒரு படம் மட்டும் வரவில்லை என்று சொன்னவரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளரின் வார்த்தையை அப்படியே குறித்துவைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இந்த வேலையில் நன்றாகவே தெரிந்தது.

பெறும் முனையில்

பிட் பிழையை எண்ணுவது எப்போதும் பெறுகிற பக்கம்தான். அனுப்புகிற ரூட்டர் ஃபிரேமைச் சரியாக அனுப்பிவிட்டது, அதன் கவுன்டர்கள் சுத்தமாகவே இருக்கும். கீழ்நோக்கி வரும் தரவு அடிபடுகிறது என்பதால் அக்சஸ் ரூட்டரில் நுழைந்து பண்டிலின் நான்கு உறுப்பு லிங்க்குகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். மூன்று லிங்க்குகளில் சிஆர்சி பிழை (வழியில் சிதைந்து வந்த ஃபிரேம்களின் எண்ணிக்கை) பூஜ்யம். மூன்றாம் எண் லிங்க்கில் மட்டும் அது பார்க்கப் பார்க்க ஓடிக்கொண்டிருந்தது.

இந்த எண் ஏன் திரைக்கு வரவில்லை? சாதனங்களிடம் கவுன்டர்களை அவ்வப்போது கேட்டு வாங்கும் பழைய போலிங் அமைப்பு பண்டில் இண்டர்ஃபேஸை மட்டும் எடுத்துக்கொண்டு, உறுப்பு லிங்க்குகளை வடிகட்டி ஒதுக்கியிருந்தது. கிராஃப் பக்கம் நீளாமல் இருக்கப் பலரும் செய்வதுதான். ஆனால் அந்தச் சாதனத்தில், உறுப்பு லிங்க்கில் எண்ணப்படும் சிஆர்சி பிழை பண்டிலின் பிழைக் கவுன்டரில் சேருவதில்லை. மேல் இண்டர்ஃபேஸின் கவுன்டர் கீழ் இண்டர்ஃபேஸ்களின் கூட்டுத்தொகையாகத்தான் இருக்கும் என்று எந்த இடத்திலும் நம்பிவிட வேண்டாம். ஆர்எஃப்சி 2863 ஒவ்வோர் அடுக்குக்கும் தனி வரி கொடுப்பது இதற்காகத்தான். எது எதன் மேல் அமர்ந்திருக்கிறது என்று சொல்ல இஃப்ஸ்டாக் அட்டவணையும் அதிலேயே இருக்கிறது.

பண்டிலில் லிங்க்குகளைச் சேர்ப்பதும் விலக்குவதுமான எல்ஏசிபி நெறிமுறை ஏன் அந்த லிங்க்கைக் கழற்றிவிடவில்லை என்றும் கேட்கலாம். எல்ஏசிபி செய்தி 128 பைட் ஃபிரேம். வேகமான முறையில் விநாடிக்கு ஒன்று. தொடர்ந்து மூன்று விநாடி எதுவும் வராவிட்டால்தான் லிங்க்கை விலக்கும். மெதுவான முறையில் 30 விநாடிக்கு ஒன்று, 90 விநாடி காத்திருப்பு. இவ்வளவு சிறிய இழப்பில் மூன்று செய்திகள் வரிசையாகத் தொலைய வழியே இல்லை. 2014இன் ஆர்எஃப்சி 7130 சொல்லும், உறுப்பு லிங்க் ஒவ்வொன்றிலும் தனி பிஎஃப்டி (லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று விரைவாகச் சோதிக்கும் நெறிமுறை) ஓட்டும் முறையும் நல்லதுதான், ஆனால் அது செத்த லிங்க்கைப் பிடிக்கும், நோயாளி லிங்க்கைப் பிடிக்காது. பிஎஃப்டி போட்டாயிற்று, இனி கவலையில்லை என்று இருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

முதலில் அந்த உறுப்பு லிங்க்கை மூடினேன். மீதி 30 ஜிகாபிட், ஓடுவது 18. குறைந்தபட்ச லிங்க் எண்ணிக்கை எவ்வளவு என்று அமைப்பில் பார்த்துவிட்டு மூட வேண்டும். அது நான்கு என்று இருந்திருந்தால் ஒன்றை மூடியதும் பண்டில் முழுவதும் விழுந்திருக்கும். மூடியதும் ஐபெர்ஃப் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினேன். எல்லாப் போர்ட்டிலும் பூஜ்யம். வாடிக்கையாளருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்தது. இனி நிதானமாக ஃபைபரைப் பார்க்கலாம்.

மூடியிருந்தாலும் எதிர்முனையின் லேசர் எரியும்படி விட்டுவிட்டு, ஃபைபரில் ஒளியை அனுப்பிப் பெறும் மாட்யூலின் பெறும் ஒளித்திறனைப் படித்தேன். மற்ற மூன்றிலும் −6ஐ ஒட்டி. இதில் −13.9 டிபிஎம் (ஒளித்திறனின் அலகு; எண் கீழே போகப் போக ஒளி குறைவு). 10 கிலோமீட்டர் வகை மாட்யூலுக்கு ஐஈஈஈ தரம் வைத்திருக்கும் கீழெல்லை −14.4. எல்லைக்குள்தான் இருக்கிறது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் பக்கத்து இழைகளைவிட 8 டிபி குறைவு என்றால் ஆறில் ஒரு பங்கு ஒளிதான் வந்து சேர்கிறது. தவிர, மாட்யூல் அளவீடுகளுக்கான தரமான எஸ்எஃப்எஃப்-8472 இந்த அளவீட்டுக்கே 3 டிபி வரை இரு பக்கமும் பிழை இருக்க இடம் கொடுக்கிறது. −13.9 என்று காட்டும்போது உண்மையில் −16ஆகவும் இருக்கலாம். மாட்யூலுக்குள் தயாரிப்பாளர் எழுதிவைத்திருந்த எச்சரிக்கை எல்லை இதற்கும் கீழே இருந்ததால் சாதனம் வாய் திறக்கவில்லை.

பேட்ச் பேனலில் அந்த இழையைக் கழற்றி, இரு முனையிலும் ஒளி நின்றுவிட்டதை உறுதி செய்துகொண்டு, ஆய்வு ஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். 1310 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இல்லை என்று நினைத்து யாரும் இழைக்குள் நேராகப் பார்க்கக்கூடாது. திரையில் நடுவட்டத்தை ஒட்டி எண்ணெய்ப் படலம் மாதிரி ஒரு தீற்றல், அதன் விளிம்பில் தூசுப் புள்ளிகள். சிங்கிள்மோடு இழையின் ஒளி ஓடும் மையம் 9 மைக்ரோமீட்டர் அளவுதான். விரல் பட்ட ஒரு தடம் அதை மூடப் போதும்.

பேனா வடிவத் துடைப்பானை உள்ளே வைத்து ஒரு சொடுக்கு, ஸ்கோப்பில் மறுபடி பார்வை. தூசு போய்விட்டது, தீற்றல் கொஞ்சம் நகர்ந்ததே தவிரப் போகவில்லை. அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியில் ஒரு இழுப்பு, உடனே உலர்ந்த பகுதியில் ஒரு இழுப்பு. இந்த முறை வட்டம் கண்ணாடி மாதிரி சுத்தம். பேட்ச் கார்டின் முனையை மட்டும் துடைத்துவிட்டு மாட்டினால் பேனலுக்குள் எதிரே இருக்கும் முனையின் அழுக்கு மறுபடி ஒட்டிக்கொள்ளும், அதனால் அதையும் அதே மாதிரி பார்த்துத் துடைத்தேன். மாட்டியதும் −6.3. கவுன்டரை அழித்துவிட்டு லிங்க்கைத் திறந்து, அதே ஐபெர்ஃப் வரிசையை ஓட்டினேன். இழப்பும் இல்லை, சிஆர்சியும் இல்லை.

கண்காணிப்பைத் திருத்தியது

துடைத்தது சின்ன வேலை. இது அடுத்த முறை வாடிக்கையாளர் சொல்வதற்கு முன்பே நமக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் பெரிய வேலை. அளவுகளைச் சேமிக்கும் ப்ரொமீதியஸ், சாதனங்களிடம் எஸ்என்எம்பி நெறிமுறையில் அவற்றைக் கேட்டு வாங்கும் எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர், கிராஃப் வரையும் கிராஃபானா ஏற்கெனவே இருந்தன. கருவியை மாற்றவில்லை, அதனிடம் கேட்கும் கேள்விகளைத்தான் மாற்றினேன்.

முதலில் உறுப்பு லிங்க்குகள் எல்லாம் போலிங்குக்குள் வந்தன. இடைவெளி 5 நிமிடத்திலிருந்து 1 நிமிடம். 64 பிட் கவுன்டர்கள்தான் எடுக்கப்படுகின்றனவா என்று ஒவ்வொரு சாதனத்திலும் சரிபார்த்தேன். 32 பிட் பைட் கவுன்டர் 4,294,967,295ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1 ஜிகாபிட் முழுதாக ஓடினால் 34 விநாடியில் ஒரு சுற்று, 10 ஜிகாபிட்டில் 3.4 விநாடி. ஒரு நிமிட இடைவெளியில் எத்தனை சுற்று போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ப்ரொமீதியஸோ கவுன்டர் குறைந்தாலே சாதனம் ரீசெட் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டு குறைத்துக் கணக்கிடும். 20 மெகாபிட்டுக்கு மேலே பைட்டுக்கு 64 பிட் கவுன்டர் வேண்டும் என்று ஆர்எஃப்சி 2863 சொல்கிறது. எஸ்என்எம்பி முதல் பதிப்பில் 64 பிட் கவுன்டர் வகையே கிடையாது என்பதால் அதில் ஓடிக்கொண்டிருந்த பழைய ஸ்விட்ச்களை மூன்றாம் பதிப்புக்கு நகர்த்தினேன். சங்கேத வசதியும் கூடவே வந்தது.

இண்டர்ஃபேஸ்களை இஃப்இண்டெக்ஸ் எண்ணால் அடையாளம் காண்பதை விட்டுவிட்டு பெயரால் காணும்படி மாற்றினேன். சாதனம் மறுபடி கிளம்பும்போது அந்த எண் மாறக்கூடும், அப்போது ஒரு லிங்க்கின் கிராஃப் இன்னொன்றின் தலையில் ஒட்டிக்கொள்ளும். சாதனம் கிளம்பி எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லும் சிஸ்அப்டைம் பற்றியும் ஒரு வார்த்தை: அது விநாடியின் நூறில் ஒரு பங்கை 32 பிட்டில் எண்ணுகிறது, 497 நாளில் பூஜ்யமாகிவிடும். எதுவும் நடக்காத ஒரு ரூட்டர் ரீபூட் ஆனதாக அலர்ட் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

பிழைக்கான அலர்ட்டை எண்ணிக்கையாக வைக்காமல் விகிதமாக வைத்தேன். ஒரு உறுப்பு லிங்க்கில் 4.5 ஜிகாபிட் ஓடுகிறது, சராசரி பாக்கெட் 1,000 பைட் என்றால் 5 நிமிடத்தில் ஏறக்குறைய 17 கோடி பாக்கெட். தரம் அனுமதிக்கும் பிட் பிழை விகிதம் லட்சம் கோடியில் ஒன்று. அந்த எல்லையிலேயே ஓடும் லிங்க்கில்கூட 5 நிமிடத்துக்கு ஒன்றோ இரண்டோ பிழைதான் வர வேண்டும். நல்ல லிங்க்கில் நாள் கணக்கில் பூஜ்யமாகவே இருக்கும். ஆகவே ஒரு கோடி பாக்கெட்டில் ஒன்று என்றால் டிக்கெட், பத்து லட்சத்தில் ஒன்று என்றால் இரவிலும் எழுப்பும் அலர்ட். நம்முடைய கெட்ட லிங்க் ஆயிரத்தில் ஒன்றில் இருந்தது. இந்த விதிப்படி அது அந்த நிலையை எட்டும் முன்பே பலமுறை கத்தியிருக்கும்.

ஒளித்திறனுக்கு நிலையான எல்லை வைப்பதில் பெரிய பயனில்லை, மேலே சொன்ன 3 டிபி காரணத்தால். ஒரே மாட்யூல் காட்டும் எண் நேற்றையதிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்பதை நம்பலாம். ஒவ்வொரு லிங்க்குக்கும் சுத்தமாக இருந்தபோது எடுத்த அளவை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து 2 டிபி இறங்கினால் டிக்கெட் என்று வைத்தேன். இந்த ஒரு விதியை மட்டும் எடுத்துக்கொள்ள நேரமிருந்தாலும் போதும், எடுத்துக்கொள்ளுங்கள்.

இடமில்லாமல் கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை எண்ணும் டிராப் கவுன்டரையும் இதே நேரத்தில் சேர்த்தேன். ஒரு ஸ்விட்சில் 12 மெகாபைட் பஃபர் இருக்கிறது, இரண்டு 10 ஜிகாபிட் போர்ட்டிலிருந்து ஒரே 10 ஜிகாபிட் போர்ட்டுக்குத் தரவு பாய்கிறது என்றால் 10 மில்லி விநாடிக்குள் பஃபர் நிரம்பிவிடும். அதைச் சராசரி வேகக் கிராஃபில் தேடினால் ஒரு விநாடி இடைவெளியில் எடுத்தாலும் கிடைக்காது. ஆனால் இஃப்-அவுட்-டிஸ்கார்ட்ஸ் கவுன்டர் எப்போது போய்க் கேட்டாலும் நடந்ததைச் சேர்த்துவைத்திருக்கும். இன்னும் நுணுக்கமாக வேண்டிய சில சாதனங்களில் ஜிஎன்எம்ஐ நெறிமுறை வழியாக, சாதனமே தொடர்ந்து அனுப்பும் ஸ்ட்ரீமிங் தரவை வாங்குகிறேன். அதிலும் அளவோடுதான். போர்ட்டுகளைத் தாங்கும் லைன் கார்டு தன் கவுன்டரைச் சில விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது என்றால், அதைவிட அடிக்கடி கேட்பதால் கிராஃப் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்குமே தவிர புதிதாக எதுவும் தெரியாது.

கடைசியாக, செயலில் அளப்பது. ஸ்மோக்பிங்கை எடுத்துவிடவில்லை, தாமதம் பார்க்க அது போதும். பக்கத்தில் ஸ்டாம்ப் அளவீடு ஒன்றைச் சேர்த்தேன். 2020இல் ஆர்எஃப்சி 8762 ஆக வந்தது. யுடிபி பாக்கெட்டில் வரிசை எண்ணும் நேர முத்திரையும் வைத்து அனுப்பும். பதில் தரும் முனை தன் வரிசை எண்ணைத் தனியாக நடத்தினால், இழப்பு போகும் வழியிலா வரும் வழியிலா என்றும் பிரித்துச் சொல்லிவிடும். இந்தச் சம்பவத்தில் நான் தேடித் திரிந்த முதல் கேள்வியே அது. ஒவ்வொரு பண்டிலுக்கும் 32 மூல போர்ட்டுகள், 1,400 பைட் பாக்கெட். நான்கு லிங்க்குக்கு 32 போர்ட் என்றால் ஏதாவது ஒரு லிங்க் முழுதாக விடுபடும் வாய்ப்பு பத்தாயிரத்தில் நான்கு அளவு. ஹாஷ் எப்படி விழுந்தது என்பதை ரூட்டரிலேயே கேட்டுச் சரிபார்த்தும்கொண்டேன். முடிவுகளை எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்துச் சராசரி எடுக்கக்கூடாது. எடுத்தால் பண்டில் கிராஃப் செய்த அதே வேலையை இதுவும் செய்யும். போர்ட்டுக்கு ஒரு வரி, அதில் மிக மோசமானது எது என்பதற்குத்தான் அலர்ட்.

புது விதிகள் ஓட ஆரம்பித்ததும் இன்னொரு பண்டிலில் ஒரு லிங்க் டிக்கெட் போட்டிருக்கிறது. ஒரு கோடியில் இரண்டு பாக்கெட் என்ற அளவில் பிழை, மெதுவாக ஏறுகிறது. பெறும் ஒளித்திறன் அசையவே இல்லை, அதனால் அழுக்கு என்று எடுத்தவுடன் துடைக்கப் போவதில்லை. அடுத்த பராமரிப்பு நேரத்தில் பெறும் முனையில் அந்த மாட்யூலையும் பக்கத்து நல்ல போர்ட்டின் மாட்யூலையும் இடம் மாற்றி மாட்டி, ஃபைபர்களை அந்தந்தப் போர்ட்டிலேயே விட்டுவிடப் போகிறேன். பிழை மாட்யூலோடு நகர்ந்தால் மாட்யூலை மாற்றலாம். நின்ற இடத்திலேயே நின்றால் அடுத்து இழைகளை மாற்றி, கோளாறு போர்ட்டிலா எதிர்முனை லேசரிலா என்று பார்க்க வேண்டும்.